டெஸ்ட் பெஞ்சில் ட்ரிகர் பிடிக்கவில்லை: கார்டை மாற்றுவதா, புரோகிராமை மாற்றுவதா, கம்பியை மாற்றுவதா?

கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ, அரசூர் என்று கோவையைச் சுற்றியுள்ள பம்ப், மோட்டார் தொழிற்சாலைகளில் டெஸ்ட் பெஞ்ச் இல்லாத இடம் அரிது. பழைய மீட்டர்களுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு டாக் கார்டும் (சென்சார் தரும் வோல்ட்டை எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது) ஒரு லேப்டாப்பும் வந்துவிட்டன. ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீரின் அளவு), பவர் எடுக்கும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். ஐஎஸ் 8034 என்ற இந்தியத் தரநிலைப்படி சப்மர்சிபிள் பம்பைச் சோதிக்கும்போது, சீராக ஓடுகிற பம்பில் அளவெடுத்துச் சராசரி பார்ப்பதுதான் வேலை. அதற்கு ட்ரிகரே, அதாவது 'இது நடந்ததும் பதி' என்று கார்டுக்குச் சொல்லும் அடையாளமே, வேண்டாம்.

மோட்டார் கிளம்பும்போது கரன்ட் எவ்வளவு ஏறுகிறது, கரன்ட் போனதும் நான்-ரிட்டர்ன் வால்வு அடைத்து பிரஷர் எவ்வளவு குதிக்கிறது என்று பார்க்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அரை நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அந்த அரை நொடியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பையன்கள் புரோகிராமில் அனலாக் ட்ரிகர் (சிக்னல் ஒரு குறிப்பிட்ட அளவைக் கடந்தால் பதிவது) போடுவார்கள், ஸ்டார்ட் பட்டனை அழுத்துவார்கள், திரையில் ஒன்றும் வராது. "ட்ரிகரே ஆக மாட்டேங்குதுங்ணா, வேற கார்டு வாங்கிரலாமுங்ளா?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. முன்னால் நாலு வழி இருக்கிறது. அனலாக் ட்ரிகர் உள்ள கார்டு வாங்கலாம். இருக்கிற கார்டிலேயே தொடர்ந்து அளந்து, புரோகிராமில் ட்ரிகர் தேடலாம். வெளியே ஒரு சின்ன சர்க்யூட் அல்லது ஒரு கான்டாக்ட் வைத்து, ஆன்-ஆஃப் என்ற இரண்டே நிலை உள்ள டிஜிட்டல் ட்ரிகராக மாற்றலாம். ட்ரிகரே வேண்டாம் என்று எல்லாவற்றையும் பதிந்து வைத்து அப்புறம் தேடலாம். எது சரி என்பதை விலை முடிவு செய்வதில்லை. பிடிக்க வேண்டிய நிகழ்வை உண்டாக்குவது நாமா, மெஷினா என்பதுதான் முடிவு செய்கிறது. அதற்கு வருவதற்கு முன், ட்ரிகர் உண்மையிலேயே பழுதா என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் ட்ரிகரை எடுத்துவிட்டுப் பாருங்கள்

ட்ரிகர் அமைப்பை முழுக்க நீக்கிவிட்டு, அந்தச் சேனலைச் சும்மா தொடர்ந்து அளந்து திரையில் வரைபடமாக ஓடவிடுங்கள். மோட்டாரை ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் எதிர்பார்க்கிற ஏற்றம் அங்கே தெரிகிறதா? தெரியவில்லை என்றால் எந்தக் கார்டு வாங்கினாலும் ட்ரிகர் ஆகாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புதுக் கார்டுக்கு பர்ச்சேஸ் ஆர்டர் போடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சிக்னல் தெரிகிறது, ஆனாலும் ட்ரிகர் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் லெவல், அதாவது சிக்னல் கடக்க வேண்டிய எல்லை, எந்த அலகில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதில். நம் ஊர் பெஞ்சுகளில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் தரும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர்தான் அதிகம். 250 ஓம் ரெசிஸ்டர் போட்டு அதை 1 முதல் 5 வோல்ட்டாக மாற்றிக் கார்டில் கொடுப்போம். டிரான்ஸ்மிட்டர் 0 முதல் 16 பார் என்றால் ஒரு பாருக்குக் கால் வோல்ட். 4 பாரில் ட்ரிகர் ஆக வேண்டுமானால் லெவல் 2 வோல்ட். 4 என்று எழுதி, புரோகிராம் அதை வோல்ட்டாக எடுத்துக்கொண்டால் அது 12 பாருக்குச் சமம். பம்ப் அங்கே போகவே போகாது. சில மென்பொருளில் சேனலுக்கு ஸ்கேல் கொடுத்தால் ட்ரிகர் லெவலும் அதே அலகில் இருக்கும், சிலவற்றில் வோல்ட்டில்தான். உங்களுடையது எப்படி என்று ஒரு முறை சோதித்து, பேனலில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது, ஏறுமுக ட்ரிகர் என்றால் சிக்னல் கீழேயிருந்து மேலே அந்த லெவலைக் கடக்க வேண்டும். ட்ரிகருக்குக் காத்திருக்கத் தொடங்கும்போதே சிக்னல் மேலே இருந்தால், அது எவ்வளவு நேரம் மேலே இருந்தாலும் கடந்ததாகக் கணக்கில்லை. மேலே சொன்ன டிரான்ஸ்மிட்டர் சும்மா இருக்கும்போதே 1 வோல்ட் தருகிறது. லெவலை 0.5 வோல்ட்டில் வைத்தவர் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, நிகழ்வுக்கு முந்தைய சாம்பிள்கள் (கார்டு அடுத்தடுத்து எடுக்கும் ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள்). ட்ரிகருக்கு முன்னால் ஒரு நொடி வேண்டும் என்று கேட்டிருந்தால், அந்த ஒரு நொடி நிறையும் வரை வருகிற ட்ரிகரைக் கார்டு கண்டுகொள்ளாது. புரோகிராமை ஓடவிட்ட கையோடு ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இரண்டு நொடி பொறுத்து அழுத்தினால் பிடித்துவிடும்.

நான்காவது காரணம் மென்பொருளின் பொறுமை. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கார்டுகளின் டிரைவர் மென்பொருளான டாக்எம்எக்ஸில் படிக்கும் கட்டளைக்குத் தானாக இருக்கும் காத்திருப்பு 10 நொடி. அதற்குள் ட்ரிகர் வராவிட்டால், கேட்ட சாம்பிள்கள் இன்னும் வரவில்லை என்று -200284 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். இதைப் பார்த்துவிட்டு கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். டைம்-அவுட் இடத்தில் -1 கொடுத்தால் ட்ரிகர் வரும் வரை காத்திருக்கும்.

தானாகவே ட்ரிகர் ஆகிறது என்ற எதிர்ப் புகாரும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் இரைச்சல்தான் காரணம். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடுகிற ஷெட்டில், ஷீல்டு இல்லாத ஒயரை பவர் கேபிளோடு ஒரே டிரேயில் இழுத்திருந்தால் சிக்னலில் முள் முள்ளாகத் தெரியும். முறுக்கிய ஜோடி ஷீல்டு ஒயர், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வது, டிஃபரன்ஷியல் இணைப்பு (இரண்டு ஒயருக்கு நடுவிலான வித்தியாசத்தை அளப்பது) ஆகிய மூன்றையும் செய்துவிட்டு அப்புறம் ஹிஸ்டரிசிஸ் போடுங்கள். லெவலைக் கடந்த சிக்னல், குறிப்பிட்ட அளவு கீழே இறங்கிவிட்டு மீண்டும் ஏறினால்தான் அடுத்த ட்ரிகர் என்பதுதான் ஹிஸ்டரிசிஸ். இரைச்சலின் முழு உயரத்தைவிட அது அதிகமாக இருக்க வேண்டும். ஒயரிங்கைச் சரிசெய்யாமல் ஹிஸ்டரிசிஸை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் உண்மையான நிகழ்வும் தப்பிவிடும்.

இன்னொன்று, ஒன்றும் இணைக்காத சேனலில் பக்கத்துச் சேனலின் சிக்னல் நிழல் போலத் தெரியும். ஒரே ஏடிசி (வோல்ட்டை எண்ணாக மாற்றும் சர்க்யூட்) பல சேனல்களை மாறி மாறிப் படிக்கும் கார்டுகளில் இது இயல்பு. ஒயர் கழன்ற சேனலில் ட்ரிகர் வைத்துவிட்டு, சிக்னல் வருகிறதே என்று குழம்ப இதுவே காரணம்.

அனலாக் ட்ரிகர் உள்ள கார்டு

இவ்வளவும் பார்த்தாயிற்று, கார்டில் அந்த வசதியே இல்லை என்று தெரிகிறது. இது நிறைய இடங்களில் நிஜம். கல்லூரி லேப்களிலும் சின்னப் பட்டறைகளிலும் பரவலாக இருக்கும் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் யூஎஸ்பி-6008, யூஎஸ்பி-6009 இரண்டிலும் டிஜிட்டல் ட்ரிகர் மட்டுமே உண்டு, அனலாக் ட்ரிகர் கிடையாது. அதே நிறுவனத்தின் எக்ஸ் சீரிஸிலும் 6341இல் இல்லை, 6351, 6361 போன்றவற்றில் இருக்கிறது. வாங்கும் முன் டேட்டா ஷீட்டில் 'அனலாக் ட்ரிகர்' என்ற தலைப்பைத் தேடிப் பார்க்க வேண்டும். வெறும் 'ட்ரிகர்' என்று போட்டிருந்தால் போதாது.

இந்த வழியின் பெரிய பலம், ஒப்பிடும் வேலையைக் கார்டுக்குள் இருக்கும் சர்க்யூட் செய்கிறது என்பது. விண்டோஸ் என்ன செய்துகொண்டிருந்தாலும் அது பாதிக்கப்படாது. ட்ரிகர் வந்த கணத்தில் வேறொரு அவுட்புட்டை இயக்க வேண்டும், இன்னொரு கருவியை அதே நேரத்தில் தொடங்க வேண்டும் என்றால் இதற்கு நிகர் இல்லை.

ஆனால் இதிலும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ட்ரிகர் லெவலுக்கு 10 பிட் நுணுக்கம் மட்டுமே உள்ள கார்டுகள் உண்டு. ±10 வோல்ட் வரம்பில் அது சுமார் 20 மில்லிவோல்ட் படி. ஷன்ட்டில் (கரன்ட்டை அளக்கப் போடும் சின்ன ரெசிஸ்டர்) வரும் 50 மில்லிவோல்ட் சிக்னலை அப்படியே அந்த வரம்பில் வைத்துக்கொண்டு நுணுக்கமாக ட்ரிகர் எதிர்பார்க்க முடியாது. பல சேனல்களை வரிசையாகப் படிக்கும் கார்டில், அளக்கும் சேனல் ஒன்றையே ட்ரிகராக வைத்தால், அது ஸ்கேன் பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டும் என்ற விதி பல மாடல்களில் உண்டு. அதற்கென்று தனியாக உள்ள ட்ரிகர் டெர்மினலுக்குச் சிக்னலை எடுத்துக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், ஒரு சேனல், ஒரு லெவல் என்பதைத் தாண்டி இந்த ட்ரிகரால் அதிகம் யோசிக்க முடியாது. 'மூன்று ஃபேஸில் எது ஏறினாலும்' என்றோ 'ஆர்எம்எஸ் (ஏசியின் பயனுறு அளவு) இவ்வளவு குறைந்தால்' என்றோ அதற்குச் சொல்ல வழியில்லை.

புரோகிராமில் ட்ரிகர்

கார்டைத் தொடர்ந்து ஓடவிட்டு, வருகிற சாம்பிள்களைக் கடைசிச் சில நொடிகளுக்கு நினைவில் வைத்துக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு தொகுதியிலும் லெவலைக் கடந்ததா என்று பார்ப்பது. கடந்திருந்தால் அதற்கு முன் ஒரு நொடி, பின் மூன்று நொடி என்று வெட்டி ஃபைலில் போடுவது. லேப்வியூ என்ற அளவீட்டு மென்பொருளில் இதற்கு 'ட்ரிகர் அண்ட் கேட்' என்று தயாராகவே ஒன்று இருக்கிறது. பைத்தானில் எழுதுவதும் பெரிய வேலையில்லை.

இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மென்பொருள் ட்ரிகர் தாமதமானது, அதனால் நிகழ்வு தப்பிவிடும் என்பார்கள். தாமதம் உண்மைதான். ஆனால் சாம்பிள்களின் நேரத்தைக் கார்டின் கடிகாரம் வகுக்கிறது. புரோகிராம் அரை நொடி கழித்துக் கண்டுபிடித்தாலும், பஃபரில் (சாம்பிள்கள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) இருக்கும் சாம்பிள் அதே சாம்பிள்தான், அதன் நேரமும் மாறாது. பதிந்து பார்ப்பது மட்டுமே வேலை என்றால் தாமதத்தால் ஒன்றும் கெடுவதில்லை. உடனே எதையாவது இயக்க வேண்டும் என்றால்தான் இது உதவாது.

தப்புவது வேறு இடத்தில். நொடிக்கு 10,000 சாம்பிள் எடுக்கும்போது டாக்எம்எக்ஸ் தானாக ஒதுக்கும் பஃபர் ஒரு சேனலுக்கு 10,000 சாம்பிள், அதாவது ஒரே நொடி. லேப்டாப்பில் ஆன்டிவைரஸ் ஓடத் தொடங்கி, புரோகிராம் ஒரு நொடிக்கு மேல் நின்றுவிட்டால் பழைய சாம்பிள் மேல் புதியது எழுதப்பட்டு -200279 என்ற பிழை வரும். பஃபரைப் பத்து நொடிக்குப் பெரிதாக்குங்கள், படிக்கும் லூப்பிலேயே கிராஃப் வரைவதையும் ஃபைல் எழுதுவதையும் செய்யாமல் தனி லூப்பில் வையுங்கள். பெரும்பாலான புகார்கள் இத்துடன் நின்றுவிடும்.

வேகத்தையும் மறக்கக் கூடாது. 6009இன் 48,000 சாம்பிள் என்பது எல்லாச் சேனலுக்கும் சேர்த்து. நாலு சேனல் என்றால் ஆளுக்கு 12,000. இரண்டு சாம்பிளுக்கு நடுவில் வந்து போகும் முள்ளை எந்தப் புரோகிராமும் பார்க்க முடியாது.

டிஜிட்டலாக மாற்றிக் கொடுப்பது

என் கணிப்பில் நம் பட்டறைகள் அதிகம் கவனிக்காமல் விட்ட வழி இது. 6009 போன்ற கார்டிலும் டிஜிட்டல் ட்ரிகர் இருக்கிறது. நிகழ்வு நடந்தது என்று சொல்ல ஒரு கான்டாக்ட்டோ சென்சாரோ இருந்தால் போதும்.

அனலாக் சிக்னலையே டிஜிட்டலாக மாற்ற எல்எம்393 என்ற கம்பாரேட்டர் (இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும்) ஐசி போதும். காந்திபுரம் பக்கம் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், விலை சில ரூபாய்கள். எட்டுக் கால் ஐசிக்குள் இரண்டு கம்பாரேட்டர்கள். அவுட்புட் ஓப்பன் கலெக்டர் (கீழே மட்டும் இழுக்கும், தானாக மேலே ஏறாது) என்பதால் 5 வோல்ட்டுக்கு ஒரு புல்-அப் ரெசிஸ்டர் கட்டாயம். அதைப் போடாமல் ஐசி வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. 5 வோல்ட் சப்ளையில் ஓடும்போது ரெஃபரன்ஸை (சிக்னலோடு ஒப்பிடும் வோல்ட்டேஜ்) 3 வோல்ட்டுக்குக் கீழேயே வையுங்கள். ஹிஸ்டரிசிஸ் வேண்டுமானால் உள்ளீட்டில் 10 கிலோ ஓம், அவுட்புட்டிலிருந்து பிளஸ் உள்ளீட்டுக்கு 1 மெகா ஓம் போட்டால் சுமார் 50 மில்லிவோல்ட் கிடைக்கும்.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் கூடாது. 415 வோல்ட் லைனை நேராகவோ, ரெசிஸ்டர் பிரித்தோ கார்டுக்குக் கொண்டுவராதீர்கள். தனிமைப்படுத்திய டிரான்ஸ்டியூசர் வழியாகத்தான் வர வேண்டும். கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை லோடு ஓடும்போது கழற்றவே கூடாது, உயிருக்கு ஆபத்தான வோல்ட்டேஜ் வரும். 24 வோல்ட் ப்ராக்ஸியை (உலோகம் பக்கத்தில் வந்தால் ஆன் ஆகும் சென்சார்) 5 வோல்ட் டிஜிட்டல் பின்னில் கொடுத்தால் கார்டு போய்விடும், நடுவில் ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஐசி) வேண்டும்.

எந்த வேலைக்கு எது

மோட்டார் ஸ்டார்ட்டிங் கரன்ட். இதை உண்டாக்குவது நாம். பட்டனை நாம் அழுத்துகிறோம், கான்டாக்டர் இழுக்கிறது. அப்புறம் எதற்குக் கரன்ட் ஏறுவதைப் பார்த்து ட்ரிகர் தேட வேண்டும்? கான்டாக்டரின் ஆக்சிலரி கான்டாக்ட்டை (மெயினோடு சேர்ந்து இயங்கும் சின்னத் துணைக் கான்டாக்ட்) டிஜிட்டல் ட்ரிகராகக் கொடுங்கள். அது மெயின் கான்டாக்ட்டுக்குச் சில மில்லி செகண்ட் முன்பின் இருக்கும், கொஞ்சம் துள்ளும். முன்னால் 100 மில்லி செகண்ட் சேர்த்துப் பதிந்தால் இரண்டும் ஒரு பொருட்டில்லை. 5 எச்பி மூன்று ஃபேஸ் மோட்டார் சுமார் எட்டு ஆம்பியர் எடுக்கும் என்றால், நேரடி ஸ்டார்ட்டில் ஆறு மடங்குக்கு 48 ஆம்பியர் ஆர்எம்எஸ், உச்சம் 68 ஆம்பியர். முதல் சைக்கிளில் டிசி கலந்து வருவதால் அதற்கு மேலும் போகும். சாதாரண கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் அந்த இடத்தில் சாச்சுரேட் ஆகி உச்சத்தைக் குறைத்துக் காட்டலாம். காந்தப்புலத்தை வைத்துக் கரன்ட்டை அளக்கும் ஹால் சென்சாருக்குச் செலவு செய்யுங்கள். அனலாக் ட்ரிகர் கார்டுக்குப் போகும் பணத்தை இங்கே போட்டால் அளவே மேம்படும்.

நான்-ரிட்டர்ன் வால்வு அடிப்பது. ஆயிரம் அடி போர்வெல் சாதாரணமாகிவிட்ட நம் பகுதியில் இது முக்கியமான சோதனை. கரன்ட் போனால் தண்ணீர்த் தூண் திரும்பி வந்து வால்வை அடித்து மூடுகிறது. ஸ்டீல் பைப்பில் அலை வேகம் நொடிக்கு 1200 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், ஒரு மீட்டர் வேகம் திடீரென்று நின்றாலே 12 பார் கூடும். பிவிசியிலும் எச்டிபிஇயிலும் அலை வேகம் குறைவு, அதனால் உயர்வும் குறைவு. சப்ளையை நிறுத்துவது நாமென்றாலும், வால்வு எப்போது மூடும் என்பது நம் கையில் இல்லை. கான்டாக்டர் விடுபட்டதை ட்ரிகராக வைத்துப் பின்னால் ஐந்து நொடி பதியலாம். அல்லது புரோகிராமில் பிரஷர் திடீரென்று ஏறும் வேகத்தைப் பார்த்துப் பிடிக்கலாம், எனக்கு இதுதான் பிடித்தம். சின்ன பெஞ்சில் பைப் 12 மீட்டர் என்றால் அலை போய்த் திரும்ப 20 மில்லி செகண்ட். நொடிக்கு 10,000 சாம்பிளில் அது 200 புள்ளி, தாராளம். ஆனால் டிரான்ஸ்மிட்டரின் ரெஸ்பான்ஸ் நேரம் 100 மில்லி செகண்ட் என்றால் உச்சம் சென்சாரிலேயே மழுங்கிப் போயிருக்கும். ட்ரிகரைக் குறை சொல்லும் முன் அந்த டேட்டா ஷீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறியில் அதிர்வு பார்க்கிறவர்களுக்கு நிகழ்வு திரும்பத் திரும்ப வருகிறது. நிமிடத்துக்கு 120 அடி என்றால் அரை நொடிக்கு ஒன்று. அதிர்வு சிக்னலையே ட்ரிகராக வைத்தால் ஒரு அடிக்கு இரண்டு மூன்று முறை ட்ரிகர் ஆகும், அடுத்த அடிக்குத் தயாராவதற்குள் ஒன்று தப்பும். கிராங்க் ஷாஃப்ட்டில் ஒரு ப்ராக்ஸி வைத்து ஆப்டோகப்ளர் வழியாக டிஜிட்டல் ட்ரிகர் கொடுத்தால் ஒவ்வொரு அடியும் ஒரே கோணத்தில் தொடங்கும். ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடலாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அனலாக் ட்ரிகர் கார்டு வாங்கியே தீர வேண்டிய இடம் எது என்றால், நிகழ்வு எப்போது வரும் என்று தெரியாது, மைக்ரோ செகண்டில் முடிந்துவிடும், வந்த கணத்தில் வேறொன்றையும் இயக்க வேண்டும் என்று மூன்றும் சேர்ந்து வரும் வேலை. விஎஃப்டி அவுட்புட்டில் வரும் வோல்ட்டேஜ் முள் மாதிரி. அதிலும் பார்ப்பது மட்டும் போதும் என்றால், சரியான ஐசொலேட்டட் ப்ரோபுடன் ஒரு டிஎஸ்ஓ (டிஜிட்டல் ஸ்டோரேஜ் ஆசிலோஸ்கோப்) ஸ்கோப்பை இரண்டு நாள் வாங்கி வைத்து முடித்துவிடலாம்.

கடைசியாக, மில்லில் ராத்திரி எப்போதோ ஒரு முறை வோல்ட்டேஜ் சரிந்து மெஷின் நிற்கிறது என்கிற வகை. எந்த லெவலில் ட்ரிகர் வைப்பது என்றே தெரியாத நிலையில் ட்ரிகர் வைக்காதீர்கள். நாலு சேனல், சேனலுக்கு நொடிக்கு 10,000 சாம்பிள், சாம்பிளுக்கு 2 பைட் என்றால் நொடிக்கு 80 கிலோபைட், மணிக்கு 288 மெகாபைட், ஒரு நாளைக்கு சுமார் 7 ஜிபி. இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு இது சுமையே இல்லை. ஒரு மணிக்கு ஒரு ஃபைல் என்று பிரித்து, மெஷின் நின்ற நேரத்தை ஷிஃப்ட் சூப்பர்வைசரை நோட்டில் எழுதச் சொல்லுங்கள், காலையில் அந்த மணிக்குரிய ஃபைலை மட்டும் திறந்தால் போதும். சரிவு எப்படி இருக்கிறது, எத்தனை சைக்கிள் நீடிக்கிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அப்புறம் புரோகிராமில் ஆர்எம்எஸ் லெவல் வைத்து ட்ரிகர் எழுதலாம். லேப்டாப்பை யூபிஎஸ்ஸில் போட்டு, ஸ்லீப்பையும் யூஎஸ்பி பவர் சேவிங்கையும் ஆஃப் செய்து, விண்டோஸ் அப்டேட்டை அந்த வாரத்துக்கு நிறுத்தி வைத்துவிட்டு ஷெட்டை விட்டுக் கிளம்புங்கள்.